இயந்திர விசைப்பலகையின் தட்டச்சு உணர்வு

இயந்திர விசைப்பலகை என்பது ஒவ்வொரு விசைக்கும் அடியில் சுருள்வில் கொண்ட தனி ஆளி பொருத்தப்பட்ட கணினி விசைப்பலகை ஆகும். ஆளி என்பது பொது வழக்கில் சுவிட்ச் எனப்படுவது. விசையை அழுத்தும்போது விரல் உணரும் எதிர்ப்பு, விசை இறங்கும் தொலைவு, அடியில் முட்டும்போது எழும் அதிர்வு, உடன் கேட்கும் ஒலி ஆகியவற்றின் தொகுப்பே தட்டச்சு உணர்வு எனப்படுகிறது. இவ்வுணர்வை ஆளியின் வகை மட்டுமே தீர்மானிக்கிறது என்ற கருத்து பரவலாக உள்ளது. விற்பனை விளம்பரங்களும் ஆளியின் நிறத்தையே முதலில் குறிப்பிடுகின்றன. எனினும், ஒரே ஆளி வெவ்வேறு கட்டமைப்புகளில் வெவ்வேறு விதமாக உணரப்படும்.

தமிழில் "விசை" என்னும் சொல் பொத்தானையும் இயற்பியல் அளவான விசையையும் ஒருங்கே குறிப்பதால், இக்கட்டுரையில் பின்னது "அழுத்துவிசை" எனப்படுகிறது. இதன் அலகாகச் சென்டிநியூட்டன் வழங்குகிறது. 1 சென்டிநியூட்டன் என்பது ஏறத்தாழ 1 கிராம் நிறையின் எடைக்குச் சமம்.

செயற்படும் முறை

மலிவான விசைப்பலகைகளில் மெல்லிய படலத்தாள்களின் மேல் ரப்பர் குமிழ்கள் இருக்கும். குமிழ் மடங்கிச் சரிந்து, படலத்தின் இரு அடுக்குகளும் தொட்டால்தான் எழுத்து பதிவாகும். எனவே விசையை ஏறத்தாழ அடிவரை அழுத்தியாக வேண்டும். பழைய தட்டச்சுப் பொறியிலும் எழுத்தச்சு தாளை எட்டும் அளவுக்கு விசையை அடித்தாக வேண்டும்.

இயந்திர ஆளி இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ் ஆளியில் நடுத்தண்டு மொத்தம் 4 மி.மீ. இறங்கும். ஆனால் ஏறத்தாழ 2 மி.மீ. ஆழத்திலேயே மின்தொடர்பு ஏற்பட்டுவிடும். எஞ்சிய தொலைவு விரல் வேகம் தணிந்து மேலெழுவதற்கான இடமாகும். ஆயினும் வேகமாகத் தட்டுவோரில் பெரும்பாலோர் விசையை அடிவரை முட்டச் செய்கின்றனர். முட்டும் அக்கணத்தில் விரல் உணர்வது ஆளியை மட்டுமன்று. அது பொருந்தியுள்ள தகட்டையும், தகட்டைத் தாங்கும் பெட்டியையும் சேர்த்தே உணர்கிறது. கட்டமைப்பு முக்கியத்துவம் பெறுவது இதனாலேயே.

ஆளி வகைகள்

எம்.எக்ஸ் ஆளியின் தண்டில் இரு சிறு கால்கள் உள்ளன. இவை ஓர் உலோக இலையை விலக்கிப் பிடித்திருக்கும். தண்டு இறங்கியதும் இலை விடுபட்டு மறுமுனையைத் தொடும். இக்கால்களின் வடிவத்தைக் கொண்டே ஆளியின் வகை அமைகிறது.

கால்கள் நேரான சரிவுடன் இருந்தால் அது சீரான ஆளி. இதில் இறங்க இறங்க எதிர்ப்பு ஒரே சீராகக் கூடும். இடையில் தடை ஏதும் இராது. சிவப்பு ஆளிக்கு 45 சென்டிநியூட்டன், கறுப்பு ஆளிக்கு 60 சென்டிநியூட்டன் என்பன தயாரிப்பாளர் குறிப்பிடும் அழுத்துவிசைகளாகும். கால்களில் சிறு மேடு இருந்தால் இலை அதனைத் தாண்டும்போது விரலுக்கு ஒரு தட்டுப்பாடு புலப்படும். பழுப்பு ஆளி இவ்வகையைச் சேர்ந்தது. அதன் மேடு மிகச் சிறியதாதலால், முதன்முறை பயன்படுத்துவோர் பலர் அதனைச் சீரான ஆளியிலிருந்து வேறுபடுத்தி அறிவதில்லை.

மூன்றாவது வகை ஒலியெழுப்பும் ஆளி. நீல ஆளியின் தண்டு இரு துண்டுகளால் ஆனது. வெளித்துண்டு மேட்டைத் தாண்டியவுடன் சட்டெனக் கீழே விழுந்து "கிளிக்" ஒலியை உண்டாக்கும். இதன் தொடர்பு 2.2 மி.மீ. ஆழத்தில் ஏற்படுகிறது. ஆனால் தொடர்பு துண்டிக்கப்பட, விசை அப்புள்ளியையும் கடந்து மேலே வரவேண்டும். இதனால் ஒரே எழுத்தை விரைந்து இருமுறை தட்டுவதில் சீரான ஆளிகளே எளிதாக உள்ளன.

காப்புரிமைக் காலம் முடிந்த பின்னர் கைல், கேட்டரான் முதலிய சீன நிறுவனங்களும் இவ்வடிவ ஆளிகளைத் தயாரிக்கின்றன. நிறப்பெயர்கள் எந்தத் தரநிலையாலும் வரையறுக்கப்பட்டவை அல்ல. ஒரு நிறுவனத்தின் பழுப்பும் மற்றொன்றின் பழுப்பும் மேட்டின் அளவிலும் சுருள்வில்லின் வலுவிலும் வேறுபடக்கூடும்.

ஒரே பொறிமுறை, இரு விசைப்பலகைகள்

கட்டமைப்பின் பங்கைக் காண ஐ.பி.எம் நிறுவனத்தின் மாடல் எஃப், மாடல் எம் விசைப்பலகைகளை விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மாடல் எஃப் 1981 இல் ஐ.பி.எம் தனிநபர் கணினியுடன் வெளிவந்தது. மாடல் எம் 1985 முதல் விற்பனைக்கு வந்தது. இரண்டிலும் உள்ளது வளையும் சுருள்வில் பொறிமுறையே. விசையை அழுத்தும்போது சுருள்வில் ஒரு குறிப்பிட்ட அளவுவரை எதிர்த்து நின்று, பின்னர் திடீரெனப் பக்கவாட்டில் வளைகிறது. வளைந்த வில் தன்னைச் சூழ்ந்த குழாயின் சுவரில் மோதி ஒலியெழுப்புகிறது. அதே இயக்கம் அடியிலுள்ள சிறு சுத்தியலையும் சாய்க்கிறது. ஆகவே விரல் உணரும் சரிவும், காது கேட்கும் ஒலியும், எழுத்துப் பதிவும் ஏறக்குறைய ஒரே கணத்தில் நிகழ்கின்றன.

வேறுபாடு சுத்தியலுக்குக் கீழே தொடங்குகிறது. மாடல் எஃபில் சுத்தியல், மின்சுற்றுப் பலகையின் மேல் சாய்ந்து மின்தேக்குத் திறனை மாற்றுகிறது. அழுத்த வேண்டிய படலம் எதுவும் இல்லை. தனித்தனிக் குழாய்கள் இரு உலோகத் தகடுகளுக்கிடையே இறுகப் பிடிக்கப்பட்டுள்ளன. மாடல் எம்மிலோ சுத்தியல் ஒரு படலத்தை அழுத்துகிறது. குழாய்கள் அனைத்தும் ஒரே நெகிழித் தட்டாக வார்க்கப்பட்டு, எஃகுத் தகட்டுடன் நெகிழித் தறையாணிகளால் இணைக்கப்பட்டுள்ளன. செலவைக் குறைக்கச் செய்யப்பட்ட மாற்றம் இது. இரண்டையும் பயன்படுத்தியோர் பலர் மாடல் எஃப் இலேசாகவும் கூர்மையாகவும் இருப்பதாகக் கூறுவர்.

காலப்போக்கில் இவ்வேறுபாடு மேலும் புலப்படும். மாடல் எம்மின் நெகிழித் தறையாணிகள் ஆண்டுகள் செல்லச் செல்ல முறிகின்றன. முறிந்த இடத்தில் தட்டுக்கும் படலத்துக்கும் இடையே இடைவெளி உண்டாகி, அப்பகுதி விசைகளின் உணர்வு மந்தமடையும். சுருள்வில்கள் நன்னிலையில் இருந்தும் இவ்வாறு நேர்கிறது. ஆர்வலர்கள் முறிந்த தறையாணிகளை நீக்கி, துளையிட்டுச் சிறு திருகாணிகளைப் பொருத்திச் சரிசெய்கின்றனர். மாடல் எஃபும் குறையற்றதன்று. தகடுகளுக்கிடையே வைக்கப்பட்ட நுரைத்தாள் முதுமையில் பொடியாகிவிடும். அதை மாற்றாவிடில் குழாய்கள் தளரும்.

கட்டமைப்பின் கூறுகள்

ஆளிகள் பொருந்தும் தகடு எஃகால் ஆனதாயின் முட்டல் கடினமாக இருக்கும். பாலிகார்பனேட்டால் ஆனதாயின் சற்றே வளைந்து கொடுக்கும். தகட்டின் பொருளைவிட அது தாங்கப்படும் விதம் பெரிய மாற்றத்தை விளைவிக்கலாம். விலை குறைந்தவற்றில் மின்சுற்றுப் பலகை பெட்டியின் அடித்தளத்தில் உள்ள தூண்களில் நேரடியாகத் திருகப்படுகிறது. தூணுக்கு அருகிலுள்ள விசைகள் கடினமாகவும், தொலைவிலுள்ளவை மென்மையாகவும் உணரப்படும். தகட்டின் ஓரங்களை மென்பட்டைகளுக்கிடையே தாங்கும் முறையில் இச்சீரின்மை குறைகிறது. உள்ளீடற்ற மெல்லிய நெகிழிப் பெட்டி ஒலியைப் பெருக்குவதால் நல்ல ஆளியும் மலிவானதாகத் தோன்றும்.

ஒரு விசைப்பலகையின் தரத்தை விரைந்து அறிய இடைவெளி விசையைத் தட்டிப் பார்ப்பதே போதும் எனலாம். நீண்ட விசைகள் ஓரத்தில் அழுத்தினாலும் சாயாமல் இறங்குவதற்கு, அவற்றின் அடியில் இரு முனைகளையும் இணைக்கும் கம்பியுடன் கூடிய நிலைப்படுத்திகள் உள்ளன. கம்பி வளைந்தோ தளர்ந்தோ இருந்தால் கலகலவென ஒலிக்கும். கம்பி முனைகளில் சிறிது கிரீஸ் இடுவதால் பெரும்பாலும் இது நீங்கும். ஆளியின் உட்பகுதியில் மசகு இடுவதும் வழக்கில் உள்ளது. இது உராய்வைக் குறைக்கும். ஆனால் மேடுடைய ஆளியின் கால்களில் இட்டால் மேட்டின் உணர்வும் மங்கிவிடும்.

விசைமூடிகள் ஏ.பி.எஸ், பி.பி.டி ஆகிய இரு நெகிழிகளில் கிடைக்கின்றன. ஏ.பி.எஸ் மூடிகள் நாளடைவில் தேய்ந்து பளபளக்கும், பி.பி.டி சொரசொரப்பை நீண்டகாலம் தக்கவைக்கும். தடித்த மூடிகள் ஆழ்ந்த ஒலி தருகின்றன.

தெரிவு செய்தல்

கடைகளில் ஆளிகளைச் சோதிக்கச் சிறு பலகைகள் வைக்கப்படுவதுண்டு. அவற்றில் ஆளி எத்தகட்டிலும் பெட்டியிலும் பொருந்தாமல் தனியே நிற்பதால், அழுத்துவிசையையும் மேட்டையும் அறியலாமேயன்றி முட்டலையும் ஒலியையும் அறிய இயலாது. பலர் அருகருகே அமர்ந்து பணிபுரியும் அலுவலகத்தில் ஒலியெழுப்பும் ஆளி பிறருக்கு இடையூறாகும். ஒலிகுறைப்பு ஆளிகளில் தண்டின் முட்டுமுனைகளில் மென்பொருள் வைக்கப்பட்டிருக்கும். இதனால் முட்டல் சற்றுத் தொய்வாக உணரப்படுவதைப் பலர் விரும்புவதில்லை.

பற்றவைப்பின்றி ஆளியைச் செருகி எடுக்கக்கூடிய கொக்கிகள் உள்ள பலகையில், ஆளி பிடிக்கவில்லையெனில் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். தகட்டையும் பெட்டியையும் அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. ஆளியை மாற்றும்போது கால்களின் எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். ஐந்து கால் ஆளியில் இரண்டு மின்தொடர்புக்கும், மூன்று நிலைநிறுத்தவும் பயன்படுகின்றன. மூன்று கால் ஆளியில் பக்கவாட்டு நெகிழிக் கால்கள் இரண்டும் இல்லாததால் அது தகட்டையே நம்பி நிற்கும். மூன்று கால் ஆளிக்கான பலகையில் ஐந்து கால் ஆளியைப் பொருத்த, அவ்விரண்டு கால்களையும் வெட்டிவிடுவது வழக்கம்.