சட்டாம்பிள்ளையின் கணக்கு

ஒரு வாத்தியாருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதை வெறும் புள்ளிவிவரமாகப் பார்க்கப் பழகிவிட்டோம். அதற்குள் ஒரு சென்னை வரலாறு கிடக்கிறது. 1789-இல் எழும்பூரில் ராணுவ ஆண் அநாதை விடுதிப் பள்ளியை ஏற்ற பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். தன் ஆசிரியர்கள் அதற்கு இசையாததால் 8 வயதுப் பையனை அரிச்சுவடி வகுப்புக்கு வாத்தியாராக்கினார். 1797-இல் லண்டனில் அவர் அறிக்கை அச்சானது. 'மதராஸ் முறை' என்று பேராயிற்று. ஜோசப் லங்காஸ்டரோ ஒரே ஆசிரியர் 1000 பேரைச் சமாளிக்கலாம் என்றார்.

'நம்ம திண்ணைப் பள்ளியை வெள்ளைக்காரன் கொண்டுபோனான்' என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. எதைக் கொண்டுபோனான் என்று பார்க்கணும். திண்ணையில் சட்டாம்பிள்ளை அண்ணாவிக்குக் கையாள். ஏழைப் பிள்ளைகளுக்கு மலிவாகப் படிப்புத் தேடிய லண்டனில் அவனே வாத்தியாருக்குப் பதிலி ஆனான். ஃபூக்கோ இந்தப் பள்ளிகளில் ஒழுங்கின் எந்திரத்தைக் கண்டார். என் கண்ணில் முதலில் படுவது சம்பளப் பட்டியல்தான்.

1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநேரப் படிப்பைக் குலக்கல்வி என்று எதிர்த்தது சரியே. ஆனால் அதே வாத்தியாருக்குக் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்கிற கணக்கு அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போச்சு. 1954-இல் காமராஜர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும் என்கிறது. 30 பேருக்கு ஒருவர், கேட்க நன்றாகத்தான் இருக்கு. வகுப்போ ஐந்து. வாத்தியார் மூன்றாம் வகுப்பில் நிற்கிறபோது, ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்துபோய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு 'அ, ஆ' சொல்லிக்கொடுக்கிறாள்.