மிச்சமிருக்கும் பாறைகள்

ஞாயிறு காலையில் நம் பகுதி இளைஞர்கள் சிலர், மடித்த தடிமனான மெத்தையை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் போவது போல்டரிங் பழக. ஆள் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கே இருக்கும் பாறைகளில் கயிறில்லாமல் ஏறும் விளையாட்டு இது. ஒருவர் ஏறும்போது நண்பர்கள் கீழே கைகளை உயர்த்தியபடி நிற்பார்கள். கால் வழுக்கினால் அவர் மெத்தையில் விழும்படி பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. பாரிஸ் அருகே ஃபோன்தேன்புளோ காட்டில் மலையேறுவோர் செய்துவந்த இந்தப் பயிற்சி, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

நம் பிள்ளைகள் கை வைக்கும் பாறைக்கும் ஒரு வரலாறு உண்டு.

பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் பக்கத்துக் கரும்பாறை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். மேலே இருந்த மண்ணும் கல்லும் கரைந்து போனபின் அது வெளியே தெரிந்தது. விரிசல்களில் மழைநீர் இறங்க, மூலைகள் முதலில் மக்கி, வெங்காயத்தோல் போல உரிந்து, உருண்டைக் கற்கள் ஆயின. ஏறுவதற்கு ஏற்றவை இந்தக் கற்களே.

கல்கத்தாவில் வாழ்ந்து மறைந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல்தான் போயிற்று. அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893-ல் இந்தப் பாறை வகைக்கு 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். உலகப் பாடப்புத்தகங்களில் இன்றும் அந்தப் பெயர்தான். 1975-ல் பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அதற்கு முன்பே பல்லாவரம் உலகுக்கு ஒரு செய்தி தந்திருந்தது. 1863 மே 30 அன்று, அங்கே ராணுவ மைதானத்தை ஒட்டித் தோண்டிய சரளைக்குழி ஒன்றில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் மனிதன் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்று அது. அதே ஆண்டில் அதிரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அங்குள்ளவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியான ஆய்வு கூறியது.

இத்தனை பழமையான மலைகளில் எவை மிஞ்சின என்று பார்த்தால் ஒன்று புரியும். யாரோ ஒருவருக்கு வேண்டியதாக இருந்த இடம்தான் பெரும்பாலும் தப்பியது. பல்லாவரம் மலையில் மகேந்திரவர்மன் 5 கருவறைகளுடன் குடைந்த குகை இன்று தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. திரிசூலத்தில் மலைகளுக்கு நடுவே சோழர் காலச் சிவன் கோயில். சுமார் 300 அடி உயரப் பரங்கிமலையின் உச்சியில் தேவாலயம். 1802-ல் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை அளந்தார்.

யாரும் கேட்க வராத மலைகளை வெடிவைத்து உடைத்தார்கள். பம்மல், பல்லாவரம், திரிசூலம் பக்கம் மலைகள் ஜல்லியாகி லாரி ஏறின. இந்தச் சுற்றுவட்டாரத்துக் கட்டடங்களின் கான்கிரீட்டில் அந்த மலைகளும் இருக்கின்றன. நாமும் அதில் பங்காளிகள்தான்.

மலை போன இடத்தில் குவாரிப் பள்ளங்கள் நீர் நிரம்பி நிற்கின்றன. 2017 வறட்சியில் மாங்காடு அருகே சிக்கராயபுரம் குவாரிகளின் நீர்தான் சென்னைக்குக் குடிநீராக வந்தது. நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய குவாரியில் கொம்பன் ஆந்தைகள் வாழ்கின்றன. ஆனால் இதே பள்ளங்கள் உயிரையும் வாங்கும். நீருக்குள் படிப்படியான சரிவு கிடையாது; கால் வைத்த அடுத்த அடியில் ஆழம். வெடிவைத்துப் பிளந்த சுவர் இயற்கைப் பாறையைப் போல உறுதியானதும் அல்ல. பிடித்த கல் கையோடு வந்துவிடும்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் பாறையேறப் போவதைத் தடுக்க வேண்டாம். எங்கே, யாரோடு என்று கேளுங்கள். குவாரிச் சுவரும் குட்டையும் கூடாது. காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். குகை, கோயில், கல்வெட்டு உள்ள பாறைகளில் ஏறவோ, பெயர் கிறுக்கவோ கூடாது. தனியே போகக் கூடாது. பழகிய ஒருவராவது உடன் இருக்க வேண்டும்.

மன்னனுக்கும் பக்தருக்கும் அளவையாளருக்கும் இந்தப் பாறைகளிடம் ஒரு வேலை இருந்தது. ஜல்லிக்கு அப்பால் இவற்றால் ஒரு பயன் உண்டு என்று இன்று காட்டுபவர்கள் இந்த இளைஞர்கள். ஒவ்வொரு பிடியையும் பெயர் வைத்து அறிந்திருக்கும் அவர்களுக்குத்தான், நாளை ஒரு பாறை காணாமல் போனால் முதலில் தெரியும்.