காவிரிக் கரையிலிருந்து பேராக்கிற்கு வந்த ஞானப்பாட்டு

பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களின் சரித்திரத்தை எழுதியவர்கள், 1877இல் கோலகங்சாரில் ஊன்றிய ரப்பர்க் கன்றுகளையும், கங்காணிமார் காவிரிக் கரைக் கிராமங்களில் ஆள் சேர்த்த கதையையும், விலை ஏறி இறங்கிய காலங்களையும் விஸ்தாரமாகச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வாறு சேர்க்கப்பட்டவர்களுள் சிறு பகுதியினரான புரொட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர் தம்மோடு கொண்டுவந்த ஞானப்பாட்டுகளைப் பற்றி அதிகம் பேசக் காணோம். அப்பாட்டுகளின் பழைய மெட்டுகள் தோட்டத்துத் துரைமார் தந்தவை அல்ல. துரைமார் பெரும்பாலும் ஆங்கிலேயரும் ஸ்காத்லாந்தினருமாவர். மெட்டுகளோ ஜெர்மானிய தேசத்தவை. அவற்றைக் கடல் கடத்தியவர் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களின் தமிழர்.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர். அந்நகரில் அதற்கு இரண்டாண்டு முன்னர்தான் பிரைலிங்ஹவுசன் தொகுத்த பெரும் பாட்டுப் புத்தகம் வெளியாகியிருந்தது. சபை முழுவதும் தன் தாய்மொழியில் சேர்ந்து பாட வேண்டும் என்பது லூத்தர் வகுத்த சம்பிரதாயம். அதற்கென ஏற்பட்டவையே கோரால் எனப்படும் எளிய பாட்டுகள். சீகன்பால்கு அவற்றைத் தமிழாக்கத் தொடங்கினார். அந்நூற்றாண்டிலேயே பப்ரிசியுஸ் அவ்வேலையை நிறைவாகச் செய்தார். அதே 1706ஆம் ஆண்டின் பிப்ரவரியில், ஆர்ன்ஷ்டாட் என்னும் சிற்றூரில், இருபது வயது நிரம்பிய ஓர் ஆர்கன் வாத்தியக்காரர், கோராலுக்கு இடையே விசித்திரமான சுரங்களைக் கலந்து சபையாரைத் தடுமாற வைத்தார் என்று மேலதிகாரிகளிடம் கண்டனம் பெற்றார். அவர் பெயர் யோகான் செபாஸ்தியான் பாக்.

தமிழ்ச் செவிக்கு இப்பாட்டுகள் முழுவதும் இணங்கிவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். ஜெர்மானிய மெட்டு அழுத்தத்தை நம்பி நடப்பது. தமிழ்ச் செய்யுளோ குறில் நெடிலை நம்பி நடப்பது. ஆகவே பல அடிகளில் குறில் நீண்டும் நெடில் நசுங்கியும் ஒலிக்கின்றன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ராக தாளத்தோடு கீர்த்தனைகளை இயற்றியது இக்குறைக்குச் சிறந்த பரிகாரம். ஆயினும் புதிதாய் வந்த மிஷனரிமார் பழைய மொழிபெயர்ப்புகளைத் திருத்த முற்பட்டபோது அவற்றுக்காக வாதாடியவரும் அவரே. (அதே வழக்கில், கோயிலுக்குள் ஜாதிவாரியாக உட்காரும் பழைய ஏற்பாட்டிற்கும் அவர் பரிந்து எழுதினார் என்பதை மறைப்பது சரித்திரமாகாது.) அவ்வழக்கு முற்றியிருந்த 1829ஆம் ஆண்டில்தான், மறக்கப்பட்டுக் கிடந்த பாக்கின் மத்தேயு பாடுகளின் சங்கீதத்தை மெண்டல்சோன் பெர்லினில் மீண்டும் அரங்கேற்றினார்.

பேராக்கில் ஆங்கிலத்தில் பாடியவர்க்கும் இம்மெட்டுகள் முற்றிலும் அந்நியமல்ல. ஈப்போவில் 1895இல் ஆங்கிலோ சீனப் பள்ளியை நிறுவிய ஹோர்லி மெதடிஸ்தர். அச்சபையின் மூலவரான ஜான் வெஸ்லியும் மொராவியச் சபையாரிடம் கோரால் கேட்டு, ஜெர்மானியப் பாட்டுகளை ஆங்கிலமாக்கியவரே. 1903இல் சீனக் குடியேறிகளைச் சித்தியவானுக்கு அழைத்து வந்த மெதடிஸ்தரான லூரிங் பிறப்பிலேயே ஜெர்மானியர். ஆக, யாழ்ப்பாணத்துக் கிராணி ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தாலும், பால்வெட்டுத் தொழிலாளி தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தாலும், சில இடங்களில் இருவரும் ஒரே மெட்டில் வந்து நின்றார்கள்.

தமிழ்ச் சபைகளில் பெரிதும் பழகிய வாத்தியம் ஆர்மோனியம். ஒரு கை துருத்தியை இயக்க வேண்டியிருப்பதால் மறு கைதான் கட்டையில் ஓடும். நான்கு குரல்களுக்கென அமைந்த கோராலில் மேற்குரல் ஒன்றே மிஞ்சும். அடி முடியுமிடத்தில் சபை மூச்சு வாங்கி நிற்க, முன்னின்று பாடுகிறவர் சுரத்தைச் சற்றே வளைத்து அடுத்த அடிக்கு இழுத்துச் செல்வார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனை வந்து, குடும்பங்கள் ஈப்போ முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்த பின்னரும் இந்தப் பாடும் முறை எளிதில் மாறவில்லை.

இவ்வாறு மேற்குரலை மட்டும் மனத்தில் வைத்திருப்பவர்க்கு, ஐரோப்பிய சங்கீதத்துள் புக இதைவிட நல்ல வாயில் இல்லை. பெரிய வெள்ளியன்று பாடப்படும் முள்முடிப் பாட்டின் மெட்டு, 1601இல் ஹாஸ்லர் காதற் பாட்டுக்காக அமைத்தது. அதை மத்தேயு பாடுகளில் பாக் ஐந்து இடங்களில் நான்கு குரலில் அமைத்திருக்கிறார். விடுபட்ட மூன்று குரல்களும் அங்கே கிடைக்கும். அடுத்து, மெண்டல்சோனின் ஐந்தாவது சிம்பனியின் கடைசிப் பகுதியைக் கேட்கலாம்: லூத்தரின் கோட்டைப் பாட்டை அங்கே முதலில் ஒற்றைப் புல்லாங்குழலே எடுக்கிறது. பிராம்ஸ் தம் மரணத்திற்கு முந்திய ஆண்டாகிய 1896இல் ஆர்கனுக்கு எழுதிய பதினொரு கோரால் முன்னிசைகளைக் கடைசியில் வைத்துக்கொள்வது நலம். அவற்றுள் ஒன்பதாவதும் பத்தாவதும் மறுபடியும் ஹாஸ்லரின் அந்த மெட்டே. பத்தாவதில் மெட்டு கைக்கட்டையில் இல்லை, கால்மிதியில் இருக்கிறது. மேலே ஓடும் விரல்களை விட்டுவிட்டுக் கீழே செவியைச் செலுத்தினால், புத்தகம் பாராமலே கூடப் பாடலாம்.