டிச் பட்டன் திருப்பூருக்கு வந்த வழி

கைக்குழந்தையின் உடுப்பில், கால்களுக்கு நடுவே மூன்று டிச் பட்டன்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பட்டனும் நான்கு துண்டு உலோகம். ஒரு பக்கத் துணியின் மேலே பல் வைத்த வளையம், அடியில் குழியுள்ள சாக்கெட். எதிர்ப்பக்கத் துணியில் இன்னொரு பல் வளையம், அதோடு குமிழ் உள்ள ஸ்டட். குமிழின் தலை குழியின் வாயைவிடச் சற்றே பெரியது. அழுத்தும்போது வாயிலுள்ள மெல்லிய கம்பி வளையம் விரிந்து வழிவிடும். தலை உள்ளே போனதும் சுருங்கிக் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த 'டிக்' சத்தம் கம்பி சுருங்குகிற சத்தம்தான்.

1885-இல் ஜெர்மனியில் ஹெரிபெர்ட் பாவர் என்பவர் ஆண்களின் கால்சட்டைக்கென்று இதற்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டே பிரான்சின் கிரெனோபிளில் ஆல்பர்-பியர் ரேமோன் தன் பங்குக்கு ஒன்றைச் செய்தார். கிரெனோபிள் அன்று கையுறைக்குப் பேர்போன ஊர். மணிக்கட்டில் இருக்கும் பட்டனை மறுகையால் மட்டும் காஜாவில் நுழைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஊருக்கு ஏன் இது தேவைப்பட்டது என்று. 1903-இல் ஸ்டோல்பெர்க் நகரின் ஹான்ஸ் ப்ரிம், குழிக்குள் எஸ் எழுத்துப் போல வளைந்த இரட்டைக் கம்பி வில்லை வைத்தார். அதுவரை பட்டன் ஒன்று இறுகிக் கிடந்தது, இல்லையென்றால் தானாகத் திறந்துகொண்டது. என் கணக்கில் அசல் கண்டுபிடிப்பு இந்த வில்தான்.

பிறகு அமெரிக்கா. 1946-இல் டென்வரில் ஜாக் வெய்ல் தொடங்கிய ராக்மவுண்ட் கம்பெனி, மாடு மேய்ப்பவர்களின் சட்டைக்கு இதைப் போட்டுப் பிரபலமாக்கியது. சட்டை எங்கேயாவது மாட்டிக்கொண்டால் துணி கிழியாது, பட்டன் விட்டுக்கொடுத்துவிடும். அங்கே திறந்துகொள்வதுதான் அதன் பெருமை.

திருப்பூருக்கு இது வெகு தாமதமாக வந்தது. 1925-இல் குலாம் காதர் இங்கே பின்னலாடைத் தொழிலைத் தொடங்கியபோது தைத்தது பனியன். பனியனுக்கு ஏது பட்டன்? அரை நூற்றாண்டு ஊர் அப்படியே ஓடியது. 1978-இல் இத்தாலியிலிருந்து ஓர் இறக்குமதியாளர் மும்பை வழியாக வந்து வெள்ளை டி-ஷர்ட் கேட்டார். 1981-இல் ஐரோப்பாவின் சி அண்ட் ஏ கடைக்காரர்கள் வந்தார்கள். காலர் வைத்த டி-ஷர்ட்டோடு காஜா பட்டன் ஜாப் ஒர்க் பெருகியது. குழந்தை உடுப்பு ஆர்டரோடு டிச் பட்டன் பதிக்கும் ஸ்னாப் மெஷின் வந்து உட்கார்ந்தது. 1989-இல் தொடங்கிய, அவிநாசியின் எஸ்.பி. அப்பேரல்ஸ் போன்ற கம்பெனிகள் குழந்தை உடுப்பையே முதன்மைத் தொழிலாக வைத்து வளர்ந்தன.

பின்னல் துணி உலோகத்துக்கு இடம் கொடுக்காத துணி. நெசவுத் துணியில் ஓட்டை போட்டு ஆணி வைத்த பட்டனை இறக்கிவிடலாம். பின்னலில் ஒரு கண்ணி அறுந்தால் ஏணி போல இறங்கிக்கொண்டே போகும். அதனால்தான் பல் வளையம்: பற்கள் நூலை அறுக்காமல் கண்ணிகளுக்கு இடையே புகுந்து, மறுபக்கம் சாக்கெட்டுக்குள் மடங்கிக்கொள்ள வேண்டும். மெல்லிய பின்னலான சிங்கிள் ஜெர்சி தனியாக நின்றால் தாங்காது. உள்ளே ஒரு பட்டியோ இன்னொரு மடிப்போ வைத்துக் கனம் ஏற்றியாக வேண்டும். மெஷின் அழுத்தம் குறைந்தால் பல் சரியாக மடங்காது, கூடினால் துணியையே வெட்டிவிடும். ரிப் துணிக்கு வைத்த அழுத்தம் இன்டர்லாக்குக்குச் சரிப்படாது. "துணி மாறிடுச்சுங்கண்ணா, டை செட்டிங் பார்க்கோணும்" என்று மெஷினில் இருக்கும் அக்கா சொன்னால், அவசர ஷிப்மென்ட் என்றாலும் சூப்பர்வைசர் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

இவ்வளவு பயம் குழந்தையின் வாயை நினைத்து. பட்டன் திறந்துகொண்டால் ஒன்றுமில்லை; துணியைவிட்டுக் கழன்று வந்தால் தொண்டைக்குள் போகும். ஐரோப்பியச் சோதனையில் 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பாகத்தை 90 நியூட்டன் விசையில் 10 நொடி இழுத்துப் பிடிக்கிறார்கள். ஒன்பது கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. அமெரிக்காவில் கழன்று வரும் பட்டனுக்காகக் குழந்தை உடுப்புகளைத் திரும்பப் பெறும் அறிவிப்புகள் அடிக்கடி வருகின்றன. அங்கே 2011 முதல் பட்டனில் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டக்கூடாது. ஐரோப்பாவில் தோலில் படும் உலோகத்திலிருந்து நிக்கல் வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் வெளியேறக்கூடாது. போதாக்குறைக்கு பேக்கிங்குக்கு முன் நீடில் டிடெக்டர். உடைந்த ஊசியைத் தேடும் அந்த மெஷின் இரும்பு கண்டால் கத்தும். பட்டனில் இரும்பு இருந்தால் ஒவ்வொரு உடுப்புக்கும் கத்தும். பித்தளை கத்தாது.

இதே பொறி, வேறு வழியாக, காதுக்கும் போயிருக்கிறது. விலை உயர்ந்த இயர்போன்களில் முதலில் சாவது ஒயர்தான். அதை மட்டும் கழற்றி மாற்ற வேண்டும் என்று தேடியவர்கள் கையில் கிடைத்தது எம்எம்சிஎக்ஸ் இணைப்பான். ஆன்டெனா கேபிளைச் சர்க்யூட் போர்டில் மாட்டுவதற்காக, 6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளுக்குச் செய்யப்பட்டது. 2010-இல் ஷூர் கம்பெனி எஸ்இ535 இயர்போனில் அதை வைத்தது. உள்ளே பார்த்தால் அதே கதை: கம்பி வளையம் சுருங்கும், விரியும், டிக்.

ஆனால் ஆன்டெனா கேபிளை மாட்டினால் யாரும் தொடமாட்டார்கள். இந்த இணைப்பானின் தொழில்நுட்பக் குறிப்புகளில் வழக்கமாக இருப்பது 500 முறை மாட்டிக் கழற்றலாம் என்ற கணக்கு. காதருகே அது நாள் முழுக்கச் சுழல்கிறது, வியர்வை குடிக்கிறது. ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வரத் தொடங்குகிறது. அலுத்துப்போய்ப் பலர் 0.78 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரட்டை ஊசிக்கு மாறினார்கள். அங்கே வளையமே கிடையாது, உராய்வுதான் பிடி. ஊசி வளைந்தால் போயிற்று. ஆடிஸி போன்ற பெரிய ஹெட்போன்காரர்கள் கொக்கி வைத்துப் பூட்டும் மினி எக்ஸ்எல்ஆர் பக்கம் போனார்கள். அதுதான் கெட்டி, ஆனால் காதுக்குள் வைக்கும் பொருளுக்கு அது பெரிது. லட்ச ரூபாய் இயர்போனாக இருந்தாலும், எத்தனை கிலோ இழுத்தால் இணைப்பான் தாங்கும் என்று நான் பார்த்த எந்தப் பெட்டியிலும் அச்சிட்டதில்லை.

அந்த 500-ஐ டிச் பட்டனுக்கு வைத்துப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஆறு முறை டயப்பர் மாற்றினால் 84-ஆம் நாள் கணக்கு முடிந்துவிடும். ஒரே உடுப்பையே போடமாட்டோம் என்பது சரிதான். ஆனால் அண்ணன் போட்டது தம்பிக்கு வரும், அப்புறம் சித்தி வீட்டுக் குழந்தைக்குப் போகும். நடுவில் வாஷிங் மெஷின் வேறு. இத்தனையும் தாங்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பும் பையர்தான், அந்தப் பட்டனுக்குப் பைசாக் கணக்கில் பேரம் பேசுகிறார்.