கிட்டப்பாவும் ஒரு குமிழும்

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுக்குக் குரல் கொஞ்சம் சின்னதுதான் என்று, குத்துக்கல்வலசையில் உறவினர் வீட்டுக் கல்லூரிப் பையன் ஒருவன் என்னிடம் தீர்ப்புச் சொன்னான். பக்கத்திலிருக்கும் செங்கோட்டைக்கு இது எட்டியிருந்தால் ஊரே திரண்டு வந்திருக்கும்! 1906-ல் பிறந்து 1933-ல், இருபத்தேழு வயதிலேயே மறைந்துபோன மனிதர். ஒலிபெருக்கியின் தயவில்லாமலே நாடகக் கொட்டகையின் கடைசி வரிசையைக் கட்டிப்போட்ட குரல் அது.

பையனைக் குற்றம் சொல்லவும் முடியாது. முதலில் அவன் கேட்டது சி.டி.யில் ஒரு புதுச் சினிமாப் பாட்டு. பிறகு குமிழைத் திருப்பிக் கிராமபோன் பிளேட்டுக்கு வந்தான். சத்தம் தடாலென்று இறங்கிவிட்டது. ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் அவையேதாம். உள்ளே வருகிற மின்சாரம்தான் வேறு.

ஆதியில் இந்த வழக்கே கிடையாது. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பிளேட்டுக்குப் பாடியபோது மைக் ஏது? கூம்புக்கு எதிரே நின்று உரக்கப் பாட வேண்டியதுதான். வீட்டில் கேட்கிறவருக்கும் திருகக் குமிழ் இல்லை. பலமாகக் கேட்கத் தடித்த முள், மெதுவாகக் கேட்க மெல்லிய முள். முள் டப்பாவின்மேலேயே அந்தப் பேதம் அச்சாகியிருக்கும். எனக்கென்னவோ அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கிறது.

1925-ல் மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை வந்தது. அடுத்த பத்தாண்டில் ரேடியோவோடு இணைக்கக்கூடிய படிக முள் வந்தது. ரோஷல் உப்பில் செய்த அந்தப் படிகம் ஏறக்குறைய ஒரு வோல்ட் வரை கொடுக்கும், ரேடியோவுக்குச் சளைத்ததல்ல. ஆனால் அதற்கு ஈரமும் ஆகாது, கடும் வெயிலும் ஆகாது. குற்றாலச் சாரல் அடிக்கிற சீமையில் உப்பை நம்பிக் கச்சேரி கேட்பதாவது!

பின்னால் வந்த காந்த முள் நாதத்தில் உத்தமம். தருவதோ சுமார் 5 மில்லிவோல்ட். 1982-ல் வந்த சி.டி. உச்சத்தில் 2 வோல்ட் தருகிறது. நானூறு மடங்கு! நடுவே ஒரு முன்பெருக்கி நின்று முள்ளின் மின்சாரத்தை நூறு மடங்காக்கினாலும் அரை வோல்ட்தான் தேறும். போதாக்குறைக்கு 1990-களிலிருந்து, பாட்டின் மெல்லிய இடங்களையும் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒரே உரப்பில் பதிக்கிற வழக்கம் பரவிவிட்டது.

மனிதனுடைய காது இருக்கிறதே, அது சுத்த அசடு. ஒரே பாட்டை இரண்டு தடவை வைத்து, இரண்டாம் தடவை ஓர் இழை மட்டும் கூட்டிப் பாருங்கள். இதுதான் தெளிவாக இருக்கிறது என்று சத்தியம் செய்யும்.

சில ஆம்ப்ளிபயர்களில் ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனியே மட்டம் வைக்க வசதி உண்டு. இல்லாத வீட்டில் சி.டி.யை இறக்கி, கிட்டப்பாவை ஏற்றி, இரண்டும் காதுக்குச் சமமாகப் பட்ட பிறகே ஒப்பிட வேண்டும். பிளேட்டின் கீறல் இரைச்சலும் கூடவே ஏறும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மறுபடி சி.டி.க்குத் திருப்புமுன் குமிழை இறக்க மறந்துவிடாதீர்கள். ஸ்பீக்கருக்கும் ஆபத்து, அடுத்த வீட்டாரின் சிநேகத்துக்கும் ஆபத்து.