முத்தைத்தரு

அருணகிரிநாதர் திருவண்ணாமலையில் முதன்முதல் பாடியதென்று ஐதீகம் கூறும் திருப்புகழ்ப் பாடல்; 1964-இல் வெளிவந்த ‘அருணகிரிநாதர்’ திரைப்படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாடியதனால் தமிழ்நாடெங்கும் பிரசித்தி பெற்றது.

வாழ்வை வெறுத்து, வல்லாள மகாராஜன் கோபுரத்தினின்று வீழ்ந்த அருணகிரியாரை முருகப் பெருமானே தாங்கிப் பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுத்தான் என்பது கர்ணபரம்பரை. அக்கோபுரத்தடியில் கோபுரத்திளையனார் சந்நிதி இருக்கிறது. விஜயநகர மன்னன் பிரௌடதேவராயனைக் கவியே குறிப்பிடுவதால் அவர் காலம் 15-ஆம் நூற்றாண்டு என்பர்.

பிற்காலத்தில் திருப்புகழ் ஏடுகள் ஊர்தோறும் சிதறிக் கிடந்தன. 1871-இல் சிதம்பரம் கோயில் வழக்கொன்றில் தீக்ஷிதர்கள் ஆதாரமாகக் காட்டிய திருப்புகழ் அடிகளில் உள்ளம் பறிகொடுத்த வ. த. சுப்பிரமணிய பிள்ளை, நீதிமன்ற உத்தியோகத்தினிடையே பிரதிகளைத் தேடியலைந்து, 1894-இல் முதற்பகுதியை அச்சேற்றினார். எழுத்து பிழைத்தது, ஆதி மெட்டு பிழைக்கவில்லை. சந்தம் ஒன்றே பற்றுக்கோடாக எஞ்சிற்று.

அச்சந்தமோ எளிதன்று. வல்லின ஒற்றுகள் நெருங்கிய ‘தத்தத்தன’ அடுக்கு மும்முறை வந்து ‘தனதான’ என்னும் தொங்கலில் இளைப்பாறும். இவ்வாறு எட்டு முறை. முற்பாதியில் இராவணன் தலைகள் உருள்கின்றன, பார்த்தன் தேர் ஓடுகிறது. பிற்பாதியோ பயிரவி கூத்தாடும் போர்க்களம். அங்கே பறையொலியும் கிழக்கோட்டானின் குரலும் சொல்லாகவே மாறிவிடுகின்றன. பாடுவோன் மூச்சு வாங்கத் தகுந்த இடம் தொங்கல்தான்.

‘பட்டினத்தார்’ (1962) படத்தில் நாயகனாகவும் நடித்த சௌந்தரராஜனையே, டி. ஆர். ராமண்ணா இயக்கிய ‘அருணகிரிநாதர்’ படமும் நாயகனாக்கிற்று. இசைப் பொறுப்பு ஜி. ராமநாதனுக்கும் டி. ஆர். பாப்பாவுக்கும் உரியது, ராமநாதன் 1963-இலேயே காலமாகிவிட்டார். சண்முகப்பிரியா ராகத்தில் அமைந்த இப்பாடலில், ஒற்றுகளை மழுப்பாமல் ஒவ்வொன்றையும் தெறிக்க விட்டிருக்கிறார் சௌந்தரராஜன். அவருடைய நடிப்பைப் பற்றி இவ்வளவு துணிந்து சொல்வதற்கில்லை.

எந்தப் பாட்டு முதலிடம் பெற்றது என்று காட்டும் பட்டியல் அந்நாளில் நம்மிடம் இல்லை. ஆடிக் கிருத்திகைக்கும் தைப்பூசத்துக்கும் ஒலிபெருக்கி கட்டியவர்கள் எந்தத் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள் என்பதே கணக்கு. பொருள் விளங்காதவரும் மனப்பாடமாகச் சொல்லும்படி செய்தது அவ்வழக்கமே. ஓதுவார்களும் திருப்புகழ்ச் சபையினரும் வேறு மெட்டுகளில் பாடினாலும், கேட்போர் எதிர்பார்ப்பது பெரும்பாலும் திரைமெட்டையே. கச்சேரி மேடையினர் பலர் அதற்கு இணங்கியும் விடுகின்றனர்.