ஆய்வக எக்ஸ் கதிர் மூலங்கள்

எலக்ட்ரான்களைப் பெரிய வளையத்தில் சுற்றவிட்டு எக்ஸ் கதிர் பெறும் சிங்க்ரோட்ரான் நிலையங்களை நாடாமல், ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே பொருள்களின் அணுக்கட்டமைப்பை ஆராய உதவும் எக்ஸ் கதிர்க் கருவிகள் இவை. பிரான்சில் கிரெனோபிள் நகரிலுள்ள சிங்க்ரோட்ரான் வளையத்தின் சுற்றளவு 844 மீட்டர். ஜப்பானின் ஸ்பிரிங்-8 வளையம் 1,436 மீட்டர். இந்தூரில் இயங்கும் இண்டஸ்-2 வளையம் 172.5 மீட்டர். அங்கெல்லாம் விண்ணப்பித்து, முறை வரும்வரை காத்திருந்தே சோதனை செய்ய முடியும்.

1895இல் ரோண்ட்கன் கையாண்ட குழாய், உள்ளே எஞ்சியிருந்த சிறிதளவு வளிமத்தைக் கொண்டே இயங்கியது. பயன்படுத்தப் பயன்படுத்த அந்த வளிமம் குறையும். கதிரின் ஊடுருவும் திறனும் அதற்கேற்ப மாறும். நேற்று எடுத்த படத்தை இன்று அதே குழாயில் அதே தரத்தில் எடுப்பது உறுதியில்லை. 1913இல் அமெரிக்காவின் வில்லியம் கூலிட்ஜ், நல்ல வெற்றிடத்தில் டங்ஸ்டன் இழையைச் சூடாக்கி எலக்ட்ரான்களைப் பெற்று இந்தத் தொல்லையை ஒழித்தார். மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்த அதன்பின்னரே முடிந்தது. இன்றைய குழாய்களில் பெரும்பாலானவை இதன் வழிவந்தவையே.

தீராமல் நின்றது வெப்பம். இலக்கு உலோகத்தில் மோதும் எலக்ட்ரான்களின் ஆற்றலில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே எக்ஸ் கதிராகிறது, மற்றது சூடாகிவிடுகிறது. கதிரைக் கூட்ட மின்னோட்டத்தைக் கூட்டினால் இலக்கு உருகும். இலக்கைச் சுழலவிட்டு, எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் விழாதபடி செய்தது ஒரு வழி. படிகவியல் கூடங்களில் பல்லாண்டு உழைத்த இந்தச் சுழல்முனைக் கருவிகள் பராமரிப்பில் பொல்லாதவை: இழை அறுந்தால் வெற்றிடத்தைத் திறந்து, புதியதைப் பொருத்தி, மீண்டும் காற்றை இறைத்தாக வேண்டும்.

பொருள் எக்ஸ் கதிரை உட்கவரும் அளவிலிருந்து அதன் அணு அமைப்பை அறியும் கதிர் உட்கவர்தல் ஆய்வு, குழாய்களின் கதிர் போதாத குறையால்தான் ஆய்வகத்தை விட்டு வெளியேறியது. சியாட்டிலில் போயிங் ஆய்வகத்தின் ஃபாரல் லைட்டில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சேயர்ஸ், ஸ்டெர்ன் ஆகியோருடன் சேர்ந்து 1971இல் இத்துறைக்கு அடித்தளமிட்ட கட்டுரையை வெளியிட்டார். தரவுகள் சாதாரணக் குழாய்களில் எடுத்தவை. பின்னர் ஸ்டான்ஃபோர்டு சிங்க்ரோட்ரானில் மூன்று நாளில் கிடைத்த தரவு, அதற்கு முந்திய பத்தாண்டில் சேர்த்ததைவிட மிகுதியாகவும் தரமாகவும் இருந்தது. ஊர் திரும்பிய லைட்டில் தம் மூன்று நிறமாலைமானிகளையும் நிறுத்திவிட்டார். சிங்க்ரோட்ரானின் மேன்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இலக்கு உருகும் தொல்லைக்கு வேறொரு வழியும் பிறந்தது. 2003இல் ஸ்டாக்ஹோமின் கே.டி.எச். பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஹெர்ட்ஸ் குழுவினர், பீய்ச்சப்படும் உருகிய உலோகத்தையே இலக்காக்கிய மூலத்தை வெளியிட்டனர். ஏற்கெனவே உருகியதற்கு உருகும் பயம் ஏது? பிற்பாடு கேலியக் கலவைகள் வழக்குக்கு வந்தன. கேலியத்தின் 9.2 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர், படிகவியலார் பழகிய செம்பின் 8 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிருக்கு நெருக்கமானது.

மற்றொரு வழி, எலக்ட்ரான்களுடன் லேசர் ஒளியை நேருக்கு நேர் மோதவிடுவது. சிங்க்ரோட்ரானில் எலக்ட்ரான்களை அசைக்கும் காந்த வரிசையின் இடைவெளி சென்டிமீட்டர் கணக்கிலானது. அந்த வேலையைச் செய்யும் லேசரின் அலைநீளமோ ஒரு மைக்ரான் அளவே. ஆகவே ஜிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தேவைப்படும் இடத்தில் சில பத்து மெகா எலக்ட்ரான்வோல்ட் போதும். வளையமும் ஓர் அறைக்குள் அடங்கும். ஹுவாங், ரூத் ஆகியோர் 1998இல் முன்வைத்த இக்கருத்தின்படி அமைந்த இயந்திரம் 2015 முதல் மியூனிக் அருகே கார்ஹிங்கில் உள்ளது. மென்திசுப் படங்களுக்கு ஏற்றது. பிரான்சின் ஓர்சேயிலுள்ள தாம்எக்ஸ் இயந்திரமும் இவ்வகையே. பொலிவில் இவை பெரிய வளையங்களுக்குப் பல மடங்கு பின்தங்கியவை. உட்கவர்தல் ஆய்வும் அண்மையில் சிறு நிறமாலைமானிகள் வழியே ஆய்வகங்களுக்குத் திரும்பியுள்ளது.